ஒரே அறையில் பலர் இருக்கும்போது எந்த ஹெட்போன்?

ஹெட்போன்களைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலானோர், கேட்பவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறார்கள். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் மூன்று கட்டில் போட்ட விடுதி அறையில் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கும், கூடத்தின் ஒரு மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கும், தடுப்பே இல்லாத நீண்ட மேசைகளில் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த எழுத்து பாதிதான் பயன்படுகிறது. ஒலி எவ்வளவு நயமாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நாம் கேட்பது பக்கத்தில் இருப்பவரை எட்டுகிறதா, அவர் எழுப்பும் ஓசை நம்மை எட்டுகிறதா, அதை மாட்டிக்கொண்டு பேசும்போது நம் குரல் எவ்வளவு உயர்கிறது என்ற மூன்றையும் அவர்கள் பார்த்தாக வேண்டும்.

இந்த நோக்கில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்: சென்ஹைசர் எச்டி 600, சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4, எடிமோட்டிக் இஆர்2எக்ஸ்ஆர். முதலாவது திறந்த வகை, அதாவது காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபடாதது. அடுத்த இரண்டும் அது அடைபட்ட மூடிய வகை. நான்காவது கம்பியில்லாமல் இயங்கும், மின்னணு முறையில் இரைச்சலைக் குறைக்கும் வகை. கடைசியாக உள்ளது காதுத் துளைக்குள் ஆழமாகச் செருகும் இயர்போன். கேட்கப் பயன்படுத்தியது பெரும்பாலும் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளும் பழைய திரைப்பாடல்களும்தான்.

சென்ஹைசர் எச்டி 600 இல் தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல ஹெட்போன் எது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று. 1968 இல் எச்டி 414 என்ற இலகுவான மாதிரியைக் கொண்டுவந்து திறந்த வகையைப் பரவலாக்கிய நிறுவனம், 1997 இல் வெளியிட்ட மாதிரி இது. இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. மனிதக் குரலை இவ்வளவு இயல்பாகத் தரும் கருவி இந்த ஐந்தில் வேறில்லை. விருத்தம் பாடும்போது பாடகர் மூச்சை இழுத்து அடுத்த சொல்லுக்குப் போகும் இடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த இயல்புக்குக் காரணமான அமைப்பே பகிர்ந்து வாழும் அறையில் இதற்குத் தடையாகிறது. கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபடாமல் உலோக வலையாக இருப்பதால், உள்ளே ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவரின் பின்பக்கம் எழும் ஒலி அப்படியே வெளியே போகிறது. வெளியே இருக்கும் ஓசையும் தடையின்றி உள்ளே வருகிறது. அமைதியான அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் நீங்கள் கேட்கும் கீர்த்தனை எது என்றே சொல்லிவிடுவார். இதன் மின்தடை 300 ஓம் என்பதால் பல கைபேசிகளால் இதைப் போதிய அளவுக்கு ஒலிக்கவைக்கவும் முடியாது. தனியாக ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். தனியறை உள்ளவருக்கு மனமாரப் பரிந்துரைப்பேன்; மற்றவர்கள் இதன் புகழைக் கேட்டு வாங்கிவிட வேண்டாம்.

ஒலிக்கசிவு என்பது நம் வீடுகளில் எளிதில் கவனத்துக்கு வராத குறை. மேலே மின்விசிறி சுழலும் வரை அதன் இரைச்சல் கசியும் இசையைப் போர்த்திவிடுகிறது. மின்சாரம் நின்று விசிறி ஓயும்போதோ, மார்கழிக் குளிரில் விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கும்போதோதான் அடுத்தவரின் ஹெட்போனிலிருந்து வரும் ஓசை அறை முழுவதும் கேட்கத் தொடங்கும். வெளியே செல்வதில் காதை உறுத்துவது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகள். முழுப் பாட்டும் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டு இல்லாமல் தாளக்கருவியின் கிணுகிணுப்பு மட்டும் விட்டுவிட்டுக் கேட்பது தூங்க முயல்பவரை மிகவும் துன்புறுத்தும். ஆகவே வாங்கப் போகும் ஹெட்போனைச் சோதிக்க ஜால்ரா ஒலிக்கும் பஜனைப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விசிறியை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனைத் தலையில் மாட்டிய நிலையிலேயே, கட்டிலுக்குக் கட்டில் உள்ள தூரத்தில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சோதிப்பதில் பொருளில்லை. காதில் பொருந்தாத நிலையில் எந்த ஹெட்போனும் கசியத்தான் செய்யும்.

இந்தச் சோதனையில் சோனி எம்டிஆர்-7506 நன்றாகவே தேறுகிறது. 1991 இல் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக வந்த மாதிரி இது. பாடுபவரின் காதிலிருக்கும் ஹெட்போனிலிருந்து கசியும் ஓசை எதிரே உள்ள மைக்கில் ஏறிவிடக் கூடாது என்பது அந்தக் கூடங்களின் தேவை. பக்கத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் அறையின் தேவையும் ஏறக்குறைய அதுதான். 63 ஓம் என்பதால் கைபேசியிலும் மடிக்கணினியிலும் தாராளமாக ஒலிக்கிறது. மடித்துப் பையில் வைக்கலாம். இந்த ஐந்தில் விலை குறைந்தவற்றுள் இதுவும் ஒன்று. குறைகளும் உண்டு. மேல்சுருதிகளைச் சற்றுத் தூக்கிக் காட்டுவதால் வயலின் உச்சஸ்தாயியில் கூர்மையாகக் கேட்கிறது. இரண்டு மணி நேரக் கச்சேரியை ஒரே அமர்வில் கேட்பவருக்கு அது களைப்பைத் தரும். சுருள் கம்பி கனமானது, கழற்றவும் முடியாது. மேசையில் இருக்கும் வரை தொல்லையில்லை, படுத்துக்கொண்டு கேட்டால் தலையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மூடிய வகையைப் பற்றி இங்கே ஒன்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வகையின் நன்மை முழுவதும் காதைச் சுற்றி மெத்தை இடைவெளியில்லாமல் பொருந்துவதைச் சார்ந்தது. மூக்குக்கண்ணாடியின் காம்பு அந்த மெத்தைக்கு அடியில் சிறு இடைவெளியை உண்டாக்குகிறது. அந்தச் சந்து வழியாக முதலில் வெளியேறுவது தாழ்ந்த சுருதிகள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்கி ஒலி மெலிந்து, வலப்பக்கமான வலந்தலையின் ஓசை மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதாகத் தோன்றினால் பதிவைக் குறைசொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அதே சந்து வழியாக வெளி இரைச்சலும் உள்ளே நுழைகிறது. அதை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டுகிறோம், கசிவும் கூடுகிறது. கண்ணாடி அணிபவர்கள் காம்பு மெல்லிய சட்டமும், தடித்து மென்மையான மெத்தையும் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது.

மெத்தையைப் பொறுத்தவரை பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மற்றவற்றைவிட ஒரு படி மேல். ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் தயாராகும் இதன் 80, 250 ஓம் வடிவங்களின் மெத்தை வெல்வெட் போன்ற துணியால் ஆனது. சென்னையின் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தைகள் காதோரம் வியர்வையைத் தேக்குகின்றன. நாளடைவில் அந்தத் தோல் உரிந்து கன்னத்திலும் சட்டையிலும் கருப்புத் துகள்களாக ஒட்டுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். துணி மெத்தை அப்படி உரிவதில்லை, நீண்ட நேரம் அணிந்தாலும் எரிச்சல் தருவதில்லை. வெளி இரைச்சலை ஏறத்தாழ 18 டெசிபல் குறைப்பதாக நிறுவனம் சொல்கிறது. பயன்பாட்டில் தட்டச்சு ஓசையும் பாத்திர ஓசையும் நன்றாக மங்குகின்றன. விசிறியின் ஆழ்ந்த முழக்கம் அவ்வளவு குறைவதில்லை. தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் இது தூக்கிக் காட்டுவதால் குரல் ஓரடி பின்னால் நகர்ந்தது போலத் தோன்றுகிறது. பாட்டுக்காக மட்டும் என்றால் எனக்கு அது மனத்தாங்கல்தான். படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் கேட்பவருக்கு அது பொருட்டாக இருக்காது. 32, 80, 250 ஓம் என மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. கைபேசியோடும் மடிக்கணினியோடும் பயன்படுத்துவோர் 250 ஓம் வடிவத்தைத் தவிர்க்க வேண்டும்.

இனி, கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டும் இரைச்சல் நீக்கும் வகை. 1978 இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானப் பயணத்தில் அமர் போஸ் என்ற பேராசிரியருக்கு எழுந்த எண்ணத்திலிருந்துதான் இந்தத் தொழில்நுட்பத்தின் வணிக வளர்ச்சி தொடங்கியது என்பதை நினைவில் வைத்தால், இதன் பலமும் எல்லையும் ஒருசேர விளங்கும். விமான எஞ்சினின் ஓசை தாழ்ந்த சுருதியில், மாறாமல், நீண்டு ஒலிப்பது. ஹெட்போனில் உள்ள மைக் அதை உணர்ந்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கிச் சமன்செய்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். அதற்கு எதிரலை அமைப்பது எளிது. 3000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர். அங்கே மிகச் சிறிய தாமதமும் எதிரலையைப் பிசகச் செய்துவிடும். ஆகவே ஏசியின் உறுமல், விசிறியின் முழக்கம், சாலையில் நின்றிருக்கும் பேருந்தின் எஞ்சின் ஓடும் ஓசை ஆகியவை மாயமாக மறைகின்றன. பக்கத்து மேசைக்காரரின் பேச்சு மறைவதில்லை. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகள் உயர்ந்த சுருதியில் இருப்பதால், முழக்கம் நீங்கிய பிறகு அவர் பேசுவது சில சமயம் முன்னைவிடத் துலக்கமாகவே கேட்கிறது.

இதைச் சிறிய குறையாக ஒதுக்கிவிட முடியாது. எண்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்து 1976 முதல் உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனைகள், பின்னணியில் பேச்சு ஒலித்தால் பிழைகள் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. பேச்சு தெரியாத மொழியில் இருந்தாலும், மெல்ல ஒலித்தாலும் விளைவு மறைவதில்லை. பகிர்ந்து வேலை செய்யும் இடத்தில் கவனத்தைக் கலைப்பது விசிறி அன்று, பேச்சு. அதைத் தடுப்பதில் காதை நன்றாக அடைக்கும் மெத்தையும் சிலிகான் முனையும் செய்யும் வேலையே பெரிது. மின்னணு வசதி அதற்குத் துணை செய்யும், அவ்வளவுதான்.

இந்தப் புரிதலோடு பார்த்தால் 2020 இல் வந்த சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 நல்ல கருவி. 254 கிராம் எடைதான்; இரைச்சல் நீக்கத்தோடு 30 மணி நேரம் வரை ஓடும்; மடிக்கணினி, கைபேசி இரண்டோடும் ஒரே நேரத்தில் இணையும்; 2022 இல் வந்த எக்ஸ்எம்5 இல் கைவிடப்பட்ட மடிப்பு வசதி இதில் இருக்கிறது. வெளியே கசிவது மிகக் குறைவு. வலப்பக்கக் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினால் பாட்டு தணிந்து வெளி ஓசை உள்ளே வருகிறது. யாராவது வந்து பேசும்போது கழற்றாமலே பதில் சொல்லலாம். நாம் பேசத் தொடங்கியதும் தானாகவே பாட்டை நிறுத்தும் வசதி வேறு உண்டு. ஆனால் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பல்லவியின் நடுவே பாட்டு நின்றுபோகும். மேசை விசிறியின் காற்று நேராகக் கிண்ணத்தில் பட்டால் அது வெளி மைக்குகளில் மோதிக் குமுறலாகக் கேட்கிறது. இருக்கையைச் சற்றுத் திருப்பிக்கொண்டால் தீரும். தம்புராவும் தொடர்ந்து நீளும் ஒலிதானே, அதையும் இது நீக்கிவிடுமோ என்று நண்பர் ஒருவர் ஐயப்பட்டார். அப்படி நேராது. இசைக்கும் ஒலி எது, வெளியிலிருந்து வரும் ஒலி எது என்பது கருவிக்குத் தெரியும்; வெளியிலிருந்து வருவதை மட்டுமே அது எதிர்க்கிறது. சொல்லப்போனால், விசிறிச் சத்தத்தில் முதலில் மூழ்கிப்போவது பதிவில் உள்ள தம்புராதான், அதை மீட்டுத் தருவது இந்த வசதியின் பெருநன்மை. முன்னமைவில் தாழ்சுருதி மிகுந்திருக்கிறது, செயலியில் குறைத்துக்கொள்ளலாம்.

இரவில், விளக்கை அணைத்துவிட்ட அறையில், பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது கேட்க எடிமோட்டிக் இஆர்2எக்ஸ்ஆருக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை. மூன்று அடுக்குச் சிலிகான் முனை காதுத் துளைக்குள் ஆழமாகச் சென்று அடைப்பதால், தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் காதடைப்பானுக்கு நிகராக, 35 டெசிபல் அளவுக்கு வெளி ஓசை குறைகிறது. மின்கலம் இல்லை, மின்னணு வித்தை இல்லை. பேச்சும் குறட்டையும் விசிறியும் ஒன்றுபோல மங்குகின்றன. உள்ளே இவ்வளவு அமைதி கிடைப்பதால் மிகக் குறைந்த ஒலியே போதுமாக இருக்கிறது, அதனால் வெளியே எதுவும் கேட்பதில்லை. இதற்குக் கொடுக்கும் விலை வசதிக்குறைவு. ஆழமாகச் செருகுவது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. கம்பி சட்டையில் உரசும் ஓசை காதுக்குள் கேட்கும். கிளிப் போட்டு நிறுத்த வேண்டும். நொறுக்குத் தீனி மென்றால் அந்த ஓசை தலைக்குள் அதிரும். காதில் சீழோ வலியோ இருக்கும்போது இதைத் தொடவே கூடாது. ஒருவர் செருகியதை மற்றவர் வாங்கிச் செருகவும் கூடாது.

வெளியே செல்லும் ஓசையில் இசை சிறு பங்குதான். பெரும் பங்கு நம் குரல். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதபோது மனிதர் தாமறியாமல் உரக்கப் பேசுவதை 1911 இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார். காதை அடைத்துக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் பேசுபவர் வீட்டுக் கூடத்தையே அதிரவைப்பது இதனால்தான். அவர் மீது கோபப்படுவதால் பயனில்லை. பழைய தொலைபேசிகளில் பேசுபவரின் குரலில் ஒரு சிறு பங்கு அவருடைய காதுக்கே திரும்பி வரும்படி அமைத்திருந்தார்கள். அலுவலகப் பயன்பாட்டுக்கான ஹெட்செட்கள் பலவற்றில் இன்றும் அந்த வசதி உண்டு. இசைக்காக வாங்கிய ஹெட்போனில் அது இல்லையென்றால், பேசும்போது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்வதே எளிய வழி. கம்பியில்லா ஹெட்போன்களில் மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமான புளூடூத் இணைப்பு குறைந்த தர ஒலிக்கு மாறிவிடுகிறது என்பதையும், காதருகே உள்ள மைக் பக்கத்தில் பேசுபவரின் குரலையும் சேர்த்து அனுப்புகிறது என்பதையும் கருதினால், நாளெல்லாம் கூட்டங்களில் இருப்பவர்கள் வாயருகே நீளும் மைக் கொண்ட ஹெட்செட் ஒன்றை வேலைக்கென்று தனியாக வைத்துக்கொள்வதுதான் முறை. ஜாப்ரா எவால்வ்2 65 போன்றவற்றில் நாம் பேசிக்கொண்டிருப்பதை மற்றவர்களுக்குக் காட்டும் சிவப்பு விளக்கும் இருக்கிறது. கூடத்தைக் கடந்து போகிறவர்கள் சைகையால் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதால் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே பயன்படுகிறது.

எல்லா ஓசையையும் அடைப்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. வயதான பெற்றோர் அடுத்த அறையில் இருந்தாலோ, தொட்டிலில் குழந்தை தூங்கினாலோ, அழைக்கும் குரல் காதில் விழுந்தே ஆக வேண்டும். அத்தகையோருக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன் போதும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் வசதி உண்டு. அதை இயக்கினால் ஒரு பக்கத்தில் பதிவான வயலின் காணாமல் போகாது. பழைய கச்சேரிப் பதிவுகள் பலவும் ஒற்றைத் தடத்தில் பதிவானவை என்பதால் அவற்றில் இழப்பே இல்லை.

ஒலியளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதை உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கான பாதுகாப்பான எல்லையாக வைத்திருக்கிறது. 90 டெசிபல் ஆனால் அந்த நேரம் வாரத்துக்கு 4 மணியாகச் சுருங்குகிறது. இரைச்சலான அறையில் திறந்த வகை ஹெட்போனில் கேட்பவர் அந்தப் பத்து டெசிபலை மிக எளிதாகக் கூட்டிவிடுகிறார். வெளி ஓசையை அடைக்கும் ஹெட்போன் அடுத்தவரின் அமைதியோடு நம் செவியையும் காப்பது இதனால்தான்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், விடுதி அறையில் இருக்கும் மாணவருக்கு எம்டிஆர்-7506 ஐச் சொல்வேன். மேசையில் நெடுநேரம் உட்காருபவருக்கும் வியர்வை மிகுந்தவருக்கும் டிடி 770 ப்ரோ, 80 ஓம். ஏசி ஓயாத அலுவலகத்துக்கும் ரயிலில் போய்வருபவருக்கும் எக்ஸ்எம்4 பொருந்தும். நான் என் பணத்தில் மறுபடி வாங்குவதென்றால் இஆர்2எக்ஸ்ஆரைத்தான் முதலில் வாங்குவேன், ஏனென்றால் பகிர்ந்து வாழும் அறையில் இசைக்கென்று மிஞ்சும் நேரம் பெரும்பாலும் மற்றவர்கள் தூங்கிய பிறகுதான் கிடைக்கிறது. கைபேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லாதவர்கள் இம்மூன்று கம்பி வகைகளுக்கும் யுஎஸ்பி-சி மாற்றி ஒன்றைச் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வாங்கும் இடத்தில் திருப்பித் தரும் விதியை முதலில் படித்துவிடுங்கள். தலையின் அகலம், காதின் வடிவம், கண்ணாடிச் சட்டம் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடுவதால் அணிந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் காதுக்குள் செருகும் வகையைச் சுகாதாரம் கருதிப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கேட்டுப் பார்க்க இடம் தரும் கடை கிடைத்தால், உங்கள் கைபேசியையும் நீங்கள் நன்கறிந்த பாடலையும், கண்ணாடி அணிபவரென்றால் வழக்கமாக அணியும் கண்ணாடியையும் கொண்டு சென்று, கடையின் சந்தடிக்கு நடுவிலேயே கேட்டுப் பாருங்கள். ஒலியைக் கூட்டாமல் பாட்டைத் தொடர முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.